இல்லாதவருக்காக ஒலிக்கும் கிட்டார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில், இன்னொரு கலைஞரை நினைத்து வாசிக்கப்பட்ட கிட்டார் இசை பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் நெடுங்காலமாகக் கேட்டு வரும் பதிவுகளைப் பற்றியே பலரும் எழுதியிருப்பதால், சில பதில்கள் வழக்கத்தைவிட நீண்டுவிட்டன.

கேள்வி: 2004-இல் நியூயார்க்கில் ஜார்ஜ் ஹாரிசனுக்கு மரியாதை செலுத்திய மேடையில் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் கிட்டாரில் வாசித்த சோலோவை (தனி வாசிப்பை) எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கோ அது அஞ்சலியாகவே தெரியவில்லை. தன் வித்தையைக் காட்டிக்கொண்டதாகத்தான் தெரிகிறது. மறைந்தவரின் மகன் பக்கத்தில் நிற்கும்போது இப்படி வாசிக்கலாமா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: அந்தப் பதிவைப் பார்க்கிறவர்களில் பலர் கடைசி மூன்று நிமிடங்களை மட்டுமே பார்க்கிறார்கள். நீங்கள் ஒருமுறை முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வால்டோர்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் மார்ச் 15 அன்று நடந்த ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழா அது. 2001 நவம்பரில் மறைந்த ஹாரிசனுக்கு, பீட்டில்ஸ் குழுவில் ஒருவர் என்ற முறையில் அல்லாமல், தனிக் கலைஞர் என்ற முறையில் அன்று அந்தக் கௌரவம் வழங்கப்பட்டது. அதே இரவில் பிரின்ஸும் அதைப் பெற்றார். ஹாரிசன் எழுதிய 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்' பாடலை டாம் பெட்டியும் ஜெஃப் லின்னும் பாட, ஸ்டீவ் வின்வுட்டும் ஹாரிசனின் மகன் தானியும் உடன் நின்றார்கள். பாடல் தொடங்கி மூன்று நிமிடங்களுக்கும் மேலாகப் பிரின்ஸ் இருப்பதே தெரியாது. மேடையின் ஓரத்தில், சிவப்புத் தொப்பியோடு, அடங்கிய ரிதம் மட்டும் வாசித்துக்கொண்டிருப்பார். நடுவில் வரும் முதல் சோலோவை வாசிப்பவர் மார்க் மான். அது 1968-ஆம் ஆண்டு இசைத்தட்டில் உள்ள சோலோவை மிக நெருக்கமாகப் பின்பற்றுவது. அந்த இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளப் பிரின்ஸ் முயலவில்லை. பாட வேண்டியவை எல்லாம் பாடி முடிந்த பிறகுதான் அவர் முன்னால் வருகிறார்.

அதற்கு மேல் நடப்பதைப் புரிந்துகொள்ள, அந்தப் பாடலின் பிறப்பையும் நினைவில் வைக்க வேண்டும். 1968 செப்டம்பர் 6 அன்று ஹாரிசன் தன் நண்பரும் கிட்டார் கலைஞருமான எரிக் கிளாப்டனை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துச் சென்று, தன் பாட்டிலேயே முக்கியமான கிட்டார் பகுதியை அவரிடம் கொடுத்துவிட்டார். பீட்டில்ஸ் பதிவுகளில் வெளியார் யாரும் இப்படி வாசிப்பதில்லையே என்று கிளாப்டன் தயங்கியபோது, இது என் பாட்டு என்று ஹாரிசன் வற்புறுத்தி வாசிக்க வைத்தார். இசைத்தட்டின் உறையில் கிளாப்டனின் பெயர்கூட அச்சிடப்படவில்லை. அவருடைய தொனி குழுவின் ஓசையோடு ஒட்ட வேண்டும் என்பதற்காக, பதிவில் சுருதி லேசாக அலையும்படி செய்தார்கள். ஆக, எழுதியவரே விருந்தாளிக்காகத் திறந்து வைத்த இடம் அந்தப் பாட்டில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. அந்த இடத்தில் ஒருவர் தன் முழு ஆளுமையோடு வந்து நிற்பது ஹாரிசனின் மனப்போக்குக்கு மாறானது என்று என்னால் நினைக்க முடியவில்லை.

வாசிப்பையே கவனியுங்கள். ஏ மைனர் கார்டின் கீழே பேஸ் ஸ்வரம் ஏ, ஜி, எஃப் ஷார்ப், எஃப் என்று படிப்படியாக இறங்கும். பாட்டின் சோகம் பெரும்பாலும் அந்த இறக்கத்தில் இருக்கிறது. பிரின்ஸ் அதன்மேல் முதலில் தந்தியை இழுத்து, நீண்ட ஸ்வரங்களை நிறுத்தி நிறுத்தி வைக்கிறார். வேகம் பின்னால்தான் வருகிறது. ஓரிடத்தில் அவர் மேடையின் விளிம்பிலிருந்து பின்புறமாகச் சாய, கீழே இருப்பவர் தாங்கிப் பிடித்து மறுபடி நிமிர்த்தி விடுகிறார். சாய்ந்த நிலையிலும் வாசிப்பு நிற்பதில்லை. அப்போது கேமரா தானியின் முகத்தைக் காட்டுகிறது. அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அந்த மேடையில் புண்படுவதற்கு வேறு யாரைவிடவும் உரிமை உள்ளவர் அவ்வளவு மகிழ்ச்சியோடு நிற்கும்போது, அவர் சார்பில் நாம் வருந்த வேண்டியதில்லை. முடிவில் பிரின்ஸ் கிட்டாரை மேலே எறிந்துவிட்டுப் போய்விடுகிறார், அது கீழே விழுவது படத்தில் தெரிவதே இல்லை. அந்த எறிதல் இல்லாமல் இருந்தாலும் எனக்கு ஒன்றும் குறைந்திருக்காது. அந்த அளவில் உங்கள் கட்சியில் நானும் இருக்கிறேன்.

கேள்வி: ஹாரிசனுக்காக லண்டனில் நடந்த கச்சேரியிலும் அதே பாடல் உண்டு என்று நண்பர் சொன்னார். இரண்டில் எதை நீங்கள் உயர்வாகக் கருதுகிறீர்கள்? அந்தக் கச்சேரியில் எந்தப் பகுதி உங்களை அதிகம் கலங்க வைத்தது?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: லண்டன் கச்சேரியையே. 2002 நவம்பர் 29 அன்று, ஹாரிசனின் முதலாண்டு நினைவு நாளில், ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்தது அது. இசைப் பொறுப்பு முழுவதையும் கிளாப்டன் ஏற்றிருந்தார். 1968-இல் அந்தச் சோலோவை வாசித்த அதே மனிதர், 34 ஆண்டுகள் கழித்து, பாடலை எழுதியவர் இல்லாத மேடையில் அதையே பாடி, அதையே வாசிக்கிறார். பியானோவில் பால் மெக்கார்ட்னி, டிரம்ஸில் ரிங்கோ ஸ்டார், இருவரும் பீட்டில்ஸ் தோழர்கள். பக்கத்தில் அக்கூஸ்டிக் கிட்டாரோடு தானி, தந்தையின் இளவயது முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு. இதற்கு மேல் யாரும் ஒன்றும் விளக்கத் தேவையில்லாத மேடை அது. கிளாப்டன் அன்று பழைய சோலோவை அச்சு அசலாகத் திருப்பி வாசிக்கவில்லை. அதன் சாயல்கள் வந்து போகின்றன; மற்றவை அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியவை.

ஆனால் என்னைக் கலங்க வைத்தது அதுவல்ல, மெக்கார்ட்னி 'சம்திங்' பாடலை எடுத்த விதம். ஹாரிசன் எழுதியவற்றில் மிகப் புகழ்பெற்ற காதல் பாட்டு அது. இசைத்தட்டில் வயலின் வரிசைகளும் நெகிழ வைக்கும் கிட்டார் சோலோவும் கொண்டது. அத்தனை பெரிய மண்டபத்தில் மெக்கார்ட்னி, கிட்டார் போன்ற நான்கு தந்தி வாத்தியமான ஒரு சிறிய யுகுலேலியை மட்டும் எடுத்துக்கொண்டு அதைத் தொடங்குகிறார். ஹாரிசனுக்கு யுகுலேலி மீது தீராத ஆசை. வீட்டுக்கு வருகிற நண்பர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் ஆளுக்கொன்று கொடுத்து வாசிக்க வைப்பார். அந்தச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வேளையை மெக்கார்ட்னி மேடைக்குக் கொண்டு வந்தார். முதலில் கேட்பவருக்குக் கொஞ்சம் விளையாட்டாகத்தான் இருக்கும். பாதியில் முழு வாத்தியக் குழுவும் சேர்ந்து பாடல் தன் பழைய உருவத்துக்குத் திரும்பும்போது, இவ்வளவு நேரமும் நாம் கேட்டது இருவருக்கு இடையே இருந்த ஒரு தனிப்பட்ட நினைவு என்பது புரிகிறது. கச்சேரியின் கடைசிப் பாட்டையும் ஜோ பிரௌன் யுகுலேலியில்தான் பாடினார்.

அன்றைய முதல் பகுதி முழுவதும் இந்திய இசைக்கு ஒதுக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ரவிசங்கர் தன் 82-ஆம் வயதில் இதற்கென்றே 'அர்ப்பண்' என்ற நீண்ட படைப்பை அமைத்துக் கொடுத்தார். அவர் சிதார் வாசிக்கவில்லை. மகள் அனுஷ்கா முன்னின்று இசைக்குழுவை நடத்தினார். அதில் ஒரு பகுதியில் கிளாப்டன் அக்கூஸ்டிக் கிட்டாரோடு உட்கார்ந்து, இந்திய வாத்தியங்களுக்கு நடுவே மிக அடக்கமாகத் தனக்குரியதை வாசிக்கிறார். ராக் உலகில் அவ்வளவு பெரிய பெயர் கொண்ட ஒருவர், தன் மொழி அல்லாத ஓர் இசைக்குள் சென்று, தன் நண்பர் நேசித்த இசை இதுதான் என்பதற்காகவே அதில் பங்கெடுப்பதைப் பார்க்கும்போது, அந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்துப் போகிறவர்களுக்காக எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: ஒரு மேதைக்கு அஞ்சலி செலுத்துவதென்றால் அவர் வாசித்ததை ஸ்வரம் பிசகாமல் வாசிப்பதுதானே நியாயம்? மாற்றி வாசிப்பது அவமரியாதை ஆகாதா?
— ஒரு கல்லூரி மாணவர், மதுரை

பதில்: பயிற்சிக்கு அது மிக நல்லது, நீங்கள் அதைச் செய்யத்தான் வேண்டும். அஞ்சலிக்கு அது போதாது என்பது என் கருத்து. அமெரிக்கக் கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 'லிட்டில் விங்' பாடல் ஒன்றை மட்டும் வைத்து இதைச் சொல்லிவிடலாம்.

1967-இல் ஹெண்ட்ரிக்ஸ் அதைப் பதிவு செய்தபோது பாடலின் நீளம் இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. இடதுகைக்காரரான அவர், வலது கட்டைவிரலைக் கிட்டாரின் கழுத்துக்கு மேலாக வளைத்து பேஸ் ஸ்வரங்களைப் பிடிப்பார். அதனால் மற்ற விரல்கள் விடுபட்டு, கார்டுகளுக்குள்ளேயே சிறு சிறு சங்கதிகளைப் போட முடிந்தது. சோலோ முழுமையடைவதற்குள் பதிவின் ஒலி மங்கி முடிந்துவிடும். கேட்டவர்கள் எல்லோருக்கும் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

1970 செப்டம்பர் 9 அன்று, மயாமியில், டெரெக் அண்ட் தி டாமினோஸ் குழுவோடு கிளாப்டன் இதைப் பதிவு செய்தார். உடன் வாசித்தவர் டுவான் ஆல்மன். ஹெண்ட்ரிக்ஸ் அப்போது உயிரோடு இருந்தார். மெல்லிய இறகாக இருந்த பாட்டை அவர்கள் கனமாக, முழக்கமாக, உரத்த முகப்போடு மாற்றினார்கள். நண்பருக்கு அனுப்பும் வணக்கமாகப் பதிவு செய்யப்பட்டது அது. ஒன்பதாம் நாள், செப்டம்பர் 18 அன்று, ஹெண்ட்ரிக்ஸ் லண்டனில் இறந்துபோனார். பதிவைக் கேட்கும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை. அவருக்குக் கொடுப்பதற்காக இடதுகைக்காரர்களுக்கான ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் ஒன்றையும் தான் வாங்கி வைத்திருந்ததாகக் கிளாப்டன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது, டெக்சாஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் 1984-இல் பதிவு செய்தது. அவர் பாடவே இல்லை. கிட்டார் மட்டும், ஏறத்தாழ ஏழு நிமிடங்கள். ஹெண்ட்ரிக்ஸ் முடிக்காமல் விட்ட இடத்துக்கு வந்து, அங்கிருந்து தன் டெக்சாஸ் ப்ளூஸ் மொழியில் மேலே போகிறார். சுருதியை அரை ஸ்வர இடைவெளி இறக்கி வைப்பதில் ஹெண்ட்ரிக்ஸ் வழியையே பின்பற்றினாலும், வழக்கத்தைவிடத் தடித்த தந்திகளைப் போட்டிருந்ததால் ஒவ்வொரு ஸ்வரமும் வேறு எடையோடு விழுகிறது. அதைக் கேட்கும்போது ஹெண்ட்ரிக்ஸும் ஒலிக்கிறார், வானும் ஒலிக்கிறார். நகல் எடுத்திருந்தால் ஒருவர்தான் ஒலித்திருப்பார், அவரும் குறைந்தே ஒலித்திருப்பார். வான் உயிரோடு இருந்தவரை இந்தப் பதிவு வெளிவரவில்லை. 1990-இல் அவர் இறந்த பிறகு, 1991-இல், அவருடைய அண்ணன் ஜிம்மி தொகுத்த இசைத்தட்டில்தான் வெளியானது.

கேள்வி: அந்த அண்ணனும் கிட்டார் கலைஞர்தானே? தம்பிக்காக அவர் ஏதும் வாசித்திருக்கிறாரா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: வாசித்திருக்கிறார், அதுவும் மிகுந்த நிதானத்தோடு. 1990 ஆகஸ்ட் 26 அன்று விஸ்கான்சின் மாநிலத்தின் ஆல்பைன் வேலி அரங்கில், நிகழ்ச்சியின் முடிவில், கிளாப்டன், பட்டி கை, ராபர்ட் கிரே, ஜிம்மி, ஸ்டீவி ஆகிய ஐவரும் சேர்ந்து வாசித்தார்கள். நள்ளிரவு தாண்டி அங்கிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் மலைச்சரிவில் மோதியதில் ஸ்டீவி இறந்தார். அவருக்கு வயது 35. 1995 மே 11 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் ஜிம்மி ஓர் அஞ்சலி நிகழ்ச்சியை நடத்தியபோது, தம்பியோடு கடைசியாக வாசித்த அந்த மூவரையும் மறுபடி ஒரே மேடையில் ஏற்றினார், பி.பி. கிங், பானி ரெய்ட், டாக்டர் ஜான், ஆர்ட் நெவில் ஆகியோரும் வந்தார்கள்.

ஜிம்மியின் வாசிப்பு தம்பியின் வாசிப்புக்கு நேர் எதிரானது. தம்பி வெள்ளமாகக் கொட்டுவார்; அண்ணன் எண்ணிச் சில ஸ்வரங்களை, பெரும்பாலும் விரலாலேயே, எடுத்து வைப்பார். தம்பியின் அடையாளமாகவே ஆகிவிட்ட 'டெக்சாஸ் ஃப்ளட்' பாடலை அன்று அவர் எடுத்துக்கொண்டபோது, தம்பி மாதிரி வாசிக்க முயலவே இல்லை. அதைச் செய்யக்கூடியவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அண்ணனாக வாசிக்கக்கூடியவர் ஒருவர்தான்.

கேள்வி: உயிரோடு இருப்பவருக்கு இசையால் மரியாதை செய்வது உண்டா? இறந்த பிறகுதான் எல்லோருக்கும் நினைவு வருகிறது.
— ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: உண்டு. அவற்றில் இரண்டு, எந்த நினைவுக் கச்சேரிக்கும் குறைந்தவை அல்ல.

முதலாவது, பிங்க் ஃப்ளாய்ட் குழு 1975-இல் வெளியிட்ட 'ஷைன் ஆன் யூ க்ரேஸி டயமண்ட்'. குழுவைத் தொடக்கத்தில் தலைமை ஏற்று நடத்திய சிட் பாரெட், மனநலம் குன்றியதால் 1968-இல் விலக நேர்ந்தது. அவர் இடத்துக்கு வந்தவர் டேவிட் கில்மோர். கேம்பிரிட்ஜில் பாரெட்டோடு சேர்ந்து கிட்டார் பழகிய நண்பர். நண்பனின் இடத்தில் நின்று வாசிக்க வேண்டிய நிலை எப்படிப்பட்டது என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும். பாரெட்டின் தனி இசைத்தட்டுகளைத் தயாரிப்பதிலும் கில்மோர் துணை நின்றார். ஒருநாள் ஒத்திகையில் அவர் விரலில் தற்செயலாக விழுந்த நான்கு ஸ்வரங்களைக் கேட்டுத்தான், பாரெட்டை நினைத்து வரிகள் எழுத, குழுவின் பாடலாசிரியர் ரோஜர் வாட்டர்ஸுக்குத் தோன்றியது.

அந்த நான்கு ஸ்வரங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பி ஃப்ளாட், எஃப், ஜி, ஈ. பாடலின் ஆதார சுருதி ஜி. அதை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் இவை முறையே சாதாரண காந்தாரம், கைசிகி நிஷாதம், ஷட்ஜம், சதுச்ருதி தைவதம். நான்கும் கரகரப்பிரியாவில் அடங்குபவை. சங்கீதம் பழகிய வாசகர்கள் இதை மெல்லப் பாடிப் பாருங்கள். மூன்றாவது ஸ்வரத்தில் ஷட்ஜம் வந்துவிடுகிறது. அங்கே நின்றிருந்தால் மனம் அமைதி அடைந்திருக்கும். நிற்காமல் தைவதத்துக்குப் போய், அங்கேயே வாக்கியத்தை விட்டுவிடுகிறார். வீட்டுக்கு வந்தவர் உள்ளே உட்காராமல் மறுபடி வாசலுக்குப் போய் நிற்கிற மாதிரி இருக்கிறது. கீபோர்டு ஒலி நெடுநேரம் படர்ந்து, கிட்டாரும் அதன்மேல் தயங்கித் தயங்கிப் பேசி, ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் கழிந்த பிறகே இந்த ஸ்வரங்கள் வருகின்றன. முதல்முறை ஒலித்ததும் நீண்ட இடைவெளி. பிறகு மீண்டும் அதே நான்கு. அவசரம் என்பதே இல்லை. பாடலின் வேலைகள் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1975 ஜூனில், பாரெட் முன்னறிவிப்பின்றி ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தார். தலையும் புருவமும் மழித்து, உடல் பருத்திருந்த அவரைப் பழைய தோழர்களுக்கே உடனே அடையாளம் தெரியவில்லை. இந்தச் சம்பவத்தை வைத்துப் பலர் கதை அளக்கிறார்கள். நான் அதற்குள் போக மாட்டேன். அவர் 2006 வரை வாழ்ந்தார். தன்னைப் பற்றிய அந்தப் பெரிய பாட்டு உலகெங்கும் ஒலித்த காலம் முழுவதும் அவர் உயிரோடு இருந்தார் என்பதே எனக்கு நெஞ்சை அடைக்கிற விஷயம்.

இரண்டாவது இன்னும் இனிமையானது. 1975-இல் ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக், ஸ்டீவி வொண்டர் இயற்றிய 'காஸ் வீவ் என்டட் அஸ் லவர்ஸ்' என்ற மெட்டைக் கிட்டாரில் மட்டும் வாசித்து, அதை ராய் புக்கானன் என்ற அமெரிக்கக் கலைஞருக்குக் காணிக்கையாக்கினார். புக்கானனின் டெலிகாஸ்டர் கிட்டாரில் ஒரு தனி வித்தை உண்டு. தந்தியை மீட்டும் கணத்தில் ஒலியை முழுக்க அடக்கி வைத்து, மீட்டிய மறுகணமே சுண்டுவிரலால் வால்யூம் திருகியைத் திறப்பார். மீட்டிய அடி கேட்காமல், வயலினில் வில் போட்டதுபோல ஸ்வரம் மட்டும் எழும்பி வரும். பெக் அந்த வித்தையை இந்தப் பதிவின் தொடக்கத்திலேயே பயன்படுத்துகிறார். யாரிடமிருந்து பெற்றோம் என்பதை ஒலியாலேயே சொல்லிவிட்டு, அதன் பிறகு தன் வழியில் போகிறார். மறு ஆண்டே புக்கானன் தன் இசைத்தட்டில் 'மை ஃப்ரெண்ட் ஜெஃப்' என்று ஒன்றை வாசித்துப் பதில் மரியாதை செய்தார். கொடுத்ததும் வாங்கியதும் இருவரும் உயிரோடு இருக்கும்போதே நடந்தது.

பெக் தன் கடைசிக் காலம் வரை அந்த மெட்டை விடவில்லை. 2007-இல் லண்டன் ரோனி ஸ்காட்ஸ் கிளப்பில் வாசித்தபோது, நடுவில் பேஸ் கிட்டார் வாசித்த டால் வில்கன்ஃபெல்டுக்குச் சோலோவைக் கொடுத்துவிட்டு, அந்த 20 வயதுப் பெண்ணைப் பார்த்து அவர் பூரிக்கும் முகத்தைப் பதிவில் பார்க்கலாம். 2023 ஜனவரியில் பெக் மறைந்தார். அதே ஆண்டு மே மாதம் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இரண்டு நாள் நினைவுக் கச்சேரி நடந்தது. முன்னின்று நடத்தியவர், மறுபடியும், கிளாப்டன்.

கேள்வி: மாண்டலின் ஸ்ரீநிவாஸுக்காக வெளிநாட்டுக் கிட்டார் கலைஞர்கள் யாராவது வாசித்திருக்கிறார்களா?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: ஜான் மெக்லாக்லின். எஸ். ராமநாதனிடம் அமெரிக்காவில் வீணை கற்ற இந்த ஆங்கிலேயர், 1970-களில் 'சக்தி' குழுவில் விக்கு விநாயகராமோடும் எல். சங்கரோடும் ஜாகிர் உசேனோடும் வாசித்தவர். அந்தக் குழு 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் மறுபடி தொடங்கிய பிறகு, வயலின் இருந்த இடத்தில் ஸ்ரீநிவாஸ் தன் ஐந்து தந்தி மின் மாண்டலினோடு வந்து உட்கார்ந்தார். மெக்லாக்லினுக்கும் அவருக்கும் இருந்த வயது வித்தியாசம் 27 ஆண்டுகள். மேடையில் அது தெரியவே தெரியாது. 2014 செப்டம்பர் 19 அன்று, 45 வயதில், ஸ்ரீநிவாஸ் சென்னையில் காலமானார்.

குழு 2023-இல் வெளியிட்ட 'திஸ் மொமெண்ட்' இசைத்தட்டின் முதல் உருப்படி 'ஸ்ரீநிஸ் ட்ரீம்', அவருக்கான காணிக்கை. அதில் என்னைத் தொட்டது, மாண்டலின் வாசிக்க இன்னொருவரை அவர்கள் அழைத்துக்கொள்ளவில்லை என்பதுதான். கணேஷ் ராஜகோபாலனின் வயலினும் சங்கர் மகாதேவனின் குரலும் செல்வகணேஷின் தாளமும் இருக்க, மாண்டலின் இருந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த இசைத்தட்டுக்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேனும் மறைந்துவிட்டதால், இப்போது கேட்கையில் இருவரையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: தன் மகனுக்காக எழுதிய பாட்டை எரிக் கிளாப்டன் மேடையில் பாடுவதை நிறுத்திவிட்டார் என்கிறார்களே, ஏன்?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: 1991 மார்ச்சில் நான்கு வயது மகன் கானர் இறந்ததற்குப் பின் அவர் எழுதிய 'டியர்ஸ் இன் ஹெவன்' பாடலைத்தான் குறிப்பிடுகிறீர்கள். 1992 ஜனவரியில் பதிவான நிகழ்ச்சியில், நைலான் தந்திக் கிட்டாரில், விரல்களால் மட்டும் மீட்டி, ஒரு சோலோகூடப் பெரிதாக எடுக்காமல் அதைப் பாடினார். 2004 வாக்கில் மேடையில் பாடுவதை நிறுத்தினார். அந்த இழப்பு முன்புபோல் இப்போது தன்னைத் தாக்குவதில்லை, அந்த உணர்வு இல்லாமல் பாட விரும்பவில்லை என்பது அவர் சொன்ன காரணம். பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் பாடினார். கூட்டம் விரும்பிக் கேட்கும் ஒரு பாட்டை இப்படி எடுத்து வைத்தது, அதைப் பாடியதற்குச் சமமான நேர்மை என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: எனக்குக் கிட்டார் கற்றுக்கொடுத்த ஆசிரியர் காலமாகிவிட்டார். மாணவர்கள் சார்பில் நினைவுக் கூட்டத்தில் என்னை வாசிக்கச் சொல்கிறார்கள். எதை வாசிப்பது, கை நடுங்காமல் எப்படி வாசிப்பது என்று சொல்லுங்கள் ஐயா.
— ஒரு மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: உங்கள் இழப்புக்கு என் அனுதாபம். கடினமான உருப்படியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவர் உங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவற்றில், உறக்கத்தில் எழுப்பினாலும் வாசிக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் இருக்கும் மற்ற மாணவர்களும் அதையே அவரிடம் கற்றிருப்பார்கள். இரண்டாவது ஸ்வரத்திலேயே அவர்களுக்குப் புரிந்துவிடும். மூன்று நிமிடங்களுக்குள் முடியட்டும். மெட்டை ஒருமுறை அவர் சொல்லிக்கொடுத்தபடியே வாசியுங்கள். இரண்டாம் முறை, உங்களுக்கு என்று ஏதாவது தோன்றினால், சிறிதளவு சேர்க்கலாம். தோன்றாவிட்டால் வேண்டாம்.

புதுத் தந்தி போடுவதானால் அன்று காலையில் போட்டுவிடாதீர்கள், சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். ஸ்டீல் தந்தி என்றால் இரண்டு நாள் முன்னதாகவும், நைலான் என்றால் இன்னும் முன்னதாகவும் போட்டு, நன்றாக இழுத்துப் பழக்கி வையுங்கள். மைக் வைப்பவர் அதை ஒலித்துளைக்கு நேராக வைக்கப் பார்ப்பார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேராக வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடித்தந்திகளின் முழக்கத்தில் மெட்டு மூழ்கிவிடும். பதற்றத்தில் எல்லோருக்கும் வேகம் கூடும் என்பதால், வீட்டில் வாசிப்பதைவிட ஒரு படி குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். முதல் ஸ்வரத்தை மீட்டுவதற்கு முன் மெட்டின் முதல் வரியை மனத்துக்குள் முழுவதும் பாடிப் பாருங்கள். அதற்குள் மூச்சும் சீராகிவிடும். நடுவில் கண் கலங்கி விரல் தவறினால் திரும்பப் போய்த் திருத்த வேண்டாம், அடுத்த வரியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வாசிப்பதற்கு முன் நீண்ட உரையும் தேவையில்லை, இது அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது என்று மட்டும் சொன்னால் போதும்.